பூரணம் மாமியின் கிணற்றில் வந்த அஞ்சாளை

என் மகன் சுதனைக் கேட்டால் அந்த அஞ்சாளை ஓர் ஆள் நீளம் என்பான். மகள் நிலாவைக் கேட்டால் அது தன்னைக் கண்டதும் சிரிக்கும் என்பாள். இரண்டும் பொய். அது என் கையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சிரிக்கவும் இல்லை. ஏன் சிரிப்பது போலத் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம், நான் வேலை செய்து ஓய்வு பெற்ற மீன் கொட்டகைக்கு ஓர் அலுவலாகப் போயிருந்தேன். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அண்ணன், நீங்க வீட்டுக்குள்ள அஞ்சாளை வளத்த ஆளாமே? அது ஆக்களைத் தின்னுமாமே?"

"கடிக்கும். தின்னாது" என்றேன்.

"தொட்டிக்குப் போடுற உப்புப் பைக்கட் இல்லாம, மெசின் இல்லாம என்னண்டு வளத்தீங்க?"

நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. எங்கள் வாசிகசாலைக்காரர் சிறுவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பலமுறை கேட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்றாலும் இந்த ஒரு விசயம் எனக்கு வடிவாகத் தெரியும். அதனால் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அஞ்சாளை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பார்த்தால் பாம்பு. ஆனால் மீன். கடலுக்கு அடியில் உள்ள கற்பொந்துகளில் உடம்பை ஒளித்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற மீன்களுக்குச் செவுளில் அகலமான மூடி இருக்கிறது. இதற்குச் சின்னத் துளைதான். அதனால் வாயைத் திறந்து திறந்து மூடித்தான் தண்ணீரைச் செவுளுக்கு அனுப்பும். அது கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மூச்சு. நிலா பார்த்தது அதைத்தான்.

நான் வாவியில் வலை வீசினேன், பிறகு கொட்டகையில் வாளி சுமந்தேன், பிறகு தொட்டி கழுவினேன், கடைசியில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன் ஆனேன். உங்களுக்கு வாசிக்க ஒரு நிமிடம், எனக்குப் பல வருடம். எங்கள் கொட்டகை கடற்கரையில் இருந்தது. கடலுக்குள் மூழ்கும் சுழியோடிகள் உயிரோடு பிடித்துவரும் அழகு மீன்களை வாங்கி, தொட்டியில் வைத்துத் தேற்றி, காற்று நிரப்பிய பைகளில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம்.

எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் திரேசா மிஸ். என்னைவிட வயதில் இளையவர், என்னை "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த "அண்ணன்" வருகிற தொனியைக் கேட்டால் கால் தானாக நேராக நிற்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தொட்டியின் முன் நிற்பார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் எதையும் தொடாமல் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

வேறு கொட்டகைகளில் காலையில் வந்ததும் "எத்தினை செத்தது?" என்று கேட்பார்கள். திரேசா மிஸ் அப்படிக் கேட்கமாட்டார். "ஆர் சாப்பிடல்ல?" என்றுதான் கேட்பார். சாகப்போகிற மீன் முதலில் சாப்பாட்டைத்தான் விடும், அப்போதே கண்டுவிட்டால் காப்பாற்றலாம் என்பது அவருடைய கணக்கு.

அவரிடம் சட்டங்கள் இருந்தன. கைக்குச் சவுக்காரம் போட்டவர் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்தவர் குனியக் கூடாது. கொசு விரட்டும் நுளம்புத் திரி கொளுத்தவே கூடாது, காற்றுப் பம்பி அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுவிடும். ஒருநாள் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்த ஒருவரை, "தம்பி, நீங்க இண்டைக்குக் கலியாண வீட்டுக்குப் போங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

பிறகு சுனாமி வந்தது.

அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. நானும் மனைவி யோகமும் பிள்ளைகளும் கோயில் மடத்தின் கூரையில் ஏறி நின்றோம், பிழைத்தோம். நாங்கள் குடியிருந்த சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கை, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்ததால் தண்ணீர் இடுப்பளவு ஏறி, பிறகு வடிந்துவிட்டது. வீடுகள் நின்றன. கடற்கரையில் கொட்டகை இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூரணம் மாமியின் புருசன் வேலுப்பிள்ளை மாமா அந்த நேரம் கரையில் வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒருவரும் மீன் வாங்கவில்லை, கடலைப் பார்க்கவும் விரும்பவில்லை. கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. உதவிக்கு வந்தவர்கள் ஒரு தண்ணீர்ப் பம்பி தந்தார்கள். வீடு வீடாக இறைத்துக்கொண்டு வந்தோம். மாமியின் கிணற்றில் தண்ணீர் அடிக்கு வந்தபோது, எட்டிப் பார்த்த ஒருவர் பின்னால் பாய்ந்தார்.

"பாம்படா! பெரிய பாம்பு!"

ஒருவர் இரும்பு அலவாங்கோடு ஓடிவந்தார். இன்னொருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காத! நாகதம்பிரான் இது. கடலோட வந்திரிக்கு. கற்பூரம் எடுத்துவாங்க!"

"நாகதம்பிரானுக்குக் கிணத்துக்குள்ள என்ன வேலை?"

"உனக்கு இந்த ஒழுங்கையில என்ன வேலையோ, அது!"

நான் எட்டிப் பார்த்தேன். கிணற்று வளையங்கள் இரண்டின் இடைவெளியில் ஒரு தலை. தவிட்டு நிறம், மஞ்சள் புள்ளி. வாய் திறந்து திறந்து மூடியது. "பாம்புமில்ல சாமியுமில்ல, அஞ்சாளை" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

பூரணம் மாமி மட்டும் பக்கத்தில் வந்தார். அலை வந்த நாளிலிருந்து அவர் யாரோடும் பேசியதில்லை.

"உசிரோடயா கிடக்கு?"

"ஓம் மாமி."

"கடல்ல இருந்து வந்ததா?"

"ஓம்."

"சாக விடாத மனே. உசிரோட கொண்டுபோய்க் கடல்ல விட்டிரு."

நான் ஓம் என்றேன். கேட்கவும் சொல்லவும் சின்ன விசயம். அதைச் செய்து முடிக்க யுத்தம் முடியும்வரை ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அஞ்சாளையைக் கையால் பிடிக்கக் கூடாது. அதன் பல் உள்பக்கம் சாய்ந்தது, கவ்வினால் விடாது. அதற்குப் பொந்து வேண்டும், அதனால் பொந்தைக் கொடுத்தால் தானே வரும். ஓர் அகலமான பிளாஸ்டிக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மிச்சத் தண்ணீரும் வற்ற வற்ற, அது வேறு வழியில்லாமல் குழாய்க்குள் நுழைந்தது. இரண்டு முனையையும் சாரத் துணியால் அடைத்து மேலே எடுத்தேன்.

உடனே கடலில் விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோகமும் அதைத்தான் கேட்டாள். வேலிக்கு அப்பால் குடியிருந்த திரேசா மிஸ் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன், கரையில விட்டா மணல். ஒளிக்க இடமில்லை, காகம் கொத்தும், நாய் இழுக்கும். கல்லுப்பாறை வெளிக்கடல்ல இரிக்கு. வள்ளம் வேணும்." எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் முழுதாக இல்லை. வள்ளங்கள் வந்தபோது மறுபடி சண்டை தொடங்கி, பாறைப் பக்கம் போகத் தடை வந்துவிட்டது.

கொட்டகையில் கழித்துவிட்ட ஒரு பழைய கண்ணாடித் தொட்டி என் வளவில் கிடந்தது. யோகம் அதில் தேங்காய் போட்டு வைத்திருந்தாள். தேங்காய் வெளியே வந்தது, அஞ்சாளை உள்ளே போனது. அதைப் பற்றி யோகம் பேசியதை நான் இங்கே எழுதவில்லை.

அதன் பிறகு என் வேலை தண்ணீர் வேலை. கடலுக்குச் சைக்கிளில் போய்ப் பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் அள்ளுவேன். பழைய வேட்டியை மடித்து வடிப்பேன். கறுப்புத் துணியால் மூடித் தெளியவிட்டு, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதைக் கொஞ்சம் ஊற்றுவேன். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்றக் கூடாது. உப்புப் பார்க்கிற கருவி அலையோடு போய்விட்டதால் நானே ஒன்று செய்தேன். எழுதி முடிந்த பேனையின் கூட்டுக்குள் ஈயக் குண்டு போட்டு, மெழுகால் அடைத்து, நல்ல கடல்தண்ணீரில் மிதக்கவிட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு கோடு கீறினேன். உப்புக் குறைந்த தண்ணீரில் அந்தக் கோடு கீழே அமிழ்ந்துவிடும். திரேசா மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மை கசியாதே?" என்று மட்டும் கேட்டார். கழுவித்தான் செய்தேன் என்றேன். தலையாட்டினார். அது அவரிடமிருந்து பெரிய பாராட்டு.

சாப்பாடு இறால், கணவாய்த் துண்டு. நீளமான மூங்கில் ஈர்க்கில் குத்தித்தான் நீட்ட வேண்டும். அதற்குக் கண் அவ்வளவு தெரியாது, மூக்குத்தான் எல்லாம். இறால் வாசம் உள்ள விரல் அதற்கு இறால்தான்.

அது அரிசிப் பெட்டியைவிட அடக்கமாக இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், வேலையிலிருந்து வந்தால் குசினியில் யோகம் பெரிய சோற்றுப்பானையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சேருங்க, உங்கட மூத்த பிள்ளை இதுக்குள்ள இரிக்கு."

"எப்ப வெளியில வந்தது?"

"என்னைக் கேட்டா? சொல்லிப்போட்டா வெளிக்கிட்டது? தேங்காய் எடுக்கப் போனன், தேங்காய்க்குப் பின்னால இருந்து பாக்குது!"

சுதனும் நிலாவும் கதிரை மேல் ஏறி நின்று சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு. யோகம் எங்களை முறைத்துவிட்டு, தானும் சிரித்து, பானை அசையாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தரம். ஈரச் சாக்கால் அதைச் சுற்றித் தொட்டிக்குள் விட்டோம். தொட்டி மூடிக்கு மேல் அம்மிக் குழவியை வைத்தேன். மறுநாள் சம்பல் அரைக்கக் குழவி வேண்டுமென்று சண்டை வந்ததால், அரைச் சீமெந்துக் கல் வைத்தேன்.

ஒழுங்கையில் பாதிப் பேர் இன்னும் அதை நாகதம்பிரான் என்றுதான் நம்பினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பூ கொண்டுவருவார்கள். பூவை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வேன், தொட்டிக்குள் போட விடமாட்டேன். பூரணம் மாமி பூ கொண்டுவந்ததில்லை. தினமும் வருவார், தொட்டியின் முன் கொஞ்ச நேரம் குந்தியிருப்பார், போவார். பிறகு பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை யோகத்தோடு பேசத் தொடங்கினார்.

இனி நான் சொல்ல வந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

அலை வந்து ஓராண்டு. ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் படையல். நான் அப்போது மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தேன். அன்று காலை மழை விட்டதும், சுவருக்குச் சாந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க, நிலா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"அப்பா, தொட்டி வெள்ளையாப் போயிட்டு!"

வீட்டுக்கு வந்தால் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. மேலே மஞ்சள் நுரை. சீமெந்துக் கல் மூடிக்கு மேல் கவனமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பூரணம் மாமி ஒரு வெறும் செம்போடு சுவரில் சாய்ந்து நின்றார்.

"பால் ஊத்தினன் மனே. மஞ்சள் போட்ட பால். வாசல்ல பொம்பிளையள் அப்பிடித்தான் செய்யோணும் எண்டாங்க. நானே அதைச் சாகடிச்சிட்டன்."

பிள்ளைகளே, உப்புத் தொட்டிக்குள் பால் போனால் என்ன நடக்கும் என்று தெரியுமா? அது உடனே அழுகத் தொடங்கும். அழுகுகிற பால் தண்ணீரில் இருக்கிற மூச்சுக் காற்றையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். அஞ்சாளை பாதி உடம்பைக் குழாய்க்கு வெளியே விட்டு, மூக்கு நுனியை மேல்மட்டத்தில் வைத்து, வாயை வேகவேகமாகத் திறந்து மூடியது. தொட்டிக்குள் அது இப்படி மேலே வந்து நின்றதை நான் அதற்கு முன் பகலில் கண்டதில்லை.

கறுப்புத் துணியின் கீழ் இரண்டு கான் தெளிந்த தண்ணீர் இருந்தது. யோகத்தின் உடுப்புத் தோய்க்கிற பேசினைச் சாம்பலால் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றி, குழாயோடு அஞ்சாளையை மாற்றினோம். உடம்பை மூடுகிற அளவுக்குத்தான் தண்ணீர். மழைக்கு மின்சாரம் நின்றிருந்தது, காற்றுப் பம்பி வேலை செய்யாது. சுதன் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தான். அதன் வாயில் ஒரு ரியூப்பை மாட்டி, முனையைப் பேசினுக்குள் போட்டு, அடிக்கத் தொடங்கினான். அவனுக்குக் கை நொந்தால் மற்றவர் வாங்குவார். முற்றம் நிறைய ஆட்கள். ஆளுக்கொரு யோசனை.

"வாவித் தண்ணி ஊத்துங்க!"

"தேசிக்காய் புளி விட்டா பால் திரைஞ்சு ஒதுங்கும்!"

"இது என்ன ரசமா?"

திரேசா மிஸ் வேலியில் ஆள் நுழையும் பொட்டு வழியாக வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினின் முன் நின்றார். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"அண்ணன், இது தாங்கும், தண்ணி தாங்காது" என்றார். "இந்தளவு தண்ணி பின்னேரத்துக்குள்ள கெட்டிரும். புதுத் தண்ணி வேணும்."

நான் கானைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் பறந்தேன். மாரி வெள்ளத்தை வடியவிட, வாவியின் வாயை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்திருந்தார்கள். வாவி முழுக்கக் கடலுக்குள் பாய்ந்து, கண் எட்டும் தூரம்வரை கடல் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. என்றாலும் அள்ளிவந்தேன். திரேசா மிஸ் பேனைக் கூட்டை இறக்கினார். கோடு மெல்ல மெல்ல அமிழ்ந்து, காணாமலே போனது. தெளிந்த கடல் இருக்கும் பக்கத்துக்குப் போகிற வீதியை அன்று மறித்திருந்தார்கள். அந்த நாட்களில் ஏன் என்று கேட்பதில்லை.

"அப்ப கடலை நாங்கதான் செய்யோணும்" என்றார் மிஸ். "கழுவாத கட்டி உப்பு வேணும். கடைத் தூள் உப்பு வேண்டாம்."

கழுவாத கட்டி உப்பு என்றால் கருவாடு போடுகிறவர்கள் வைத்திருப்பது. அலைக்குப் பிறகு ஒருவரும் கருவாடு போடவில்லை. வீடுகளிலிருந்து சிரட்டையில் கொஞ்சம், பேணியில் கொஞ்சம் என்று வந்தது. போதாது.

பூரணம் மாமி எழுந்து தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு பெரிய மண்சாடி. வாய் துணியால் கட்டிக் கிடந்தது. வேலுப்பிள்ளை மாமா கருவாட்டுக்கென்று பரணில் வைத்த உப்பு. அலை அந்த உயரத்துக்கு எட்டவில்லை. அந்தக் கட்டு மாமா போட்டது. ஒரு வருடமாக மாமி அதை அவிழ்க்கவில்லை.

"மாமி, இது..." என்று யோகம் இழுத்தாள்.

"உப்புத்தானேகா. அவிழ்" என்றார் மாமி.

கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, வேட்டியில் வடித்தோம். புதிதாகக் கரைத்த தண்ணீரில் காற்று ஏற வேண்டும். அதற்கு மிஸ் சொன்ன வழி ஆற்றுவது. தேத்தண்ணி ஆற்றுவது போல, ஒரு வாளியை உயரத் தூக்கி மற்ற வாளிக்குள் ஊற்றி, மறுபடி மாற்றி ஊற்றுவது. முற்றம் முழுக்கச் சோடி சோடியாக நின்று ஆற்றினார்கள். பேனைக் கூட்டை இறக்குவேன். "அமிழுது, இன்னும் உப்பு!" கொஞ்சம் போடுவார்கள். "எழும்புது, தண்ணி விடு!" கடைசியில் கோடு தண்ணீரின் மட்டத்தில் வந்து நின்றபோது முற்றமே கை தட்டியது.

"கடைசி முறையா கேக்கிறன், சீனி போடவா?" என்று வாளி பிடித்தவர் கேட்டார்.

அந்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றக் கூடாது. ஒரு கோப்பை ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, மறு கோப்பை. அந்த வேலையை மிஸ் பூரணம் மாமியிடம் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் பயம். பாலை ஊற்றிய கை அல்லவா? மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு அவசரமில்ல அண்ணன். உங்களுக்குத்தான் அவசரம்" என்றார். உண்மைதான்.

திடீரென்று மிஸ் எல்லோரையும் பார்த்து, "ஆர் சாப்பிடல்ல?" என்றார். பழக்கத்தில் நான் பேசினுக்குள் பார்த்தேன். அவர் எங்களைத்தான் கேட்டார். ஒருவரும் சாப்பிடவில்லை. படையல் சோறு வீடு வீடாக ஆறிக்கிடந்தது. எல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. ஓராண்டுத் துக்கத்துக்குச் சமைத்த சோற்றை, ஓர் அஞ்சாளையைச் சுற்றிக் குந்தியிருந்து, பம்பு அடிக்கிறவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு சாப்பிட்டோம்.

மாமி கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன்.

"மாமி, இது நாகதம்பிரான் இல்ல, மீன். நான் எத்தினை தரம் சொன்னனான்?"

"மீன் எண்டு எனக்குத் தெரியாதா மனே? மீன்காரன்ட பொஞ்சாதி நான்."

"மறுகா ஏன் பால் ஊத்தினீங்க?"

அவர் அடுத்த கோப்பையை ஊற்றி முடித்தார்.

"உங்கட மாமா பால்தேத்தண்ணி குடிக்காமக் கடலுக்குப் போறதில்ல. அண்டைக்கு அடுப்பு மூள நேரமாயிட்டு. வந்து குடிக்கிறன் எண்டு போயிட்டார். ஆண்டுத் திவசத்துக்கு ஆருக்கு ஊத்திக் குடுக்கிற? கடல்ல இருந்து என்ட வீட்ட வந்தது இது மட்டுந்தானே."

சுதன் பம்பை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி அடித்தேன்.

மாலையில் அதன் வாய் திறந்து மூடுவது மெதுவானது. தொட்டியைக் கழுவி, நாங்கள் செய்த கடல்தண்ணீரை நிரப்பி, அதை விட்டோம். ஆனால் அது சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மிஸ் ஒவ்வொரு காலையும் வேலிக்கு அப்பால் நின்று கேட்பார், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். மாமி எங்கள் வீட்டிலேயே பாய் போட்டுவிட்டார். வீதி திறந்ததும் தெளிந்த கடல்தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், மாமி நீட்டிய ஈர்க்கு வில்லாக வளைந்தது.

"இழுக்குது! யோகம், இழுக்குது! ஐயோ, குச்சியையும் தின்னுது!"

இறாலை விழுங்கிவிட்டு ஈர்க்கையும் விடாமல் அது இழுக்க, மாமியும் விடாமல் இழுக்க, நான் போய்த்தான் பிரித்தேன். யார் சொன்னாரோ தெரியாது, ஒழுங்கை முழுக்க வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து சாப்பாடு கொடுப்பது மாமியின் வேலை. இறால் பழசு என்றால் மீன்காரனைத் திருப்பி அனுப்புவார்.

அப்படியே வருடங்கள் போயின. இடையில் நாங்கள் ஊரை விட்டு ஓட வேண்டிவந்ததில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். யுத்தம் முடிந்தது என்றார்கள். அந்த முடிவில் பலருக்குப் பலது முடிந்துபோனது. அதைச் சிறுவர்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை, பெரியவர்களானதும் நீங்களே வாசித்து அறிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு சில மாதங்களில் பாறைப் பக்கம் வள்ளம் விட அனுமதித்தார்கள். கொட்டகையும் புதிதாக எழும்பியது. திரேசா மிஸ் என்னை வேலைக்குக் கூப்பிட வந்தபோது தொட்டியைப் பார்த்தார்.

"அண்ணன், கொட்டகைக்குக் கொண்டுவந்தா விலைப்படும்" என்றார்.

நான் பதில் சொல்ல முன், "சும்மா சொன்னன். வள்ளத்துக்குச் சொல்லிப்போட்டன். காலமை வெளிக்கிடுங்க" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

மாமி வரமாட்டார் என்று நினைத்தேன். அலைக்குப் பிறகு அவர் கடற்கரை மணலில் கால் வைத்ததில்லை. காலையில் பார்த்தால் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நீங்க அதை எங்க விடுறீங்க எண்டு நான் பாக்கோணும்."

நான், நிலா, சுதன், மாமி, வள்ளக்காரர். நடுவில் பெரிய பீப்பாயில் கடல்தண்ணீரும் குழாயும் அஞ்சாளையும். யோகம் வரவில்லை, அவளுக்கு வள்ளம் ஏறினால் வாந்தி. வழியனுப்பும்போது பீப்பாயைப் பார்த்து, "என்ட குசினிப் பக்கம் இனி வந்திராத" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பாறைக்கு மேல் வந்ததும் வள்ளக்காரர் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் கண்ணாடி போல. நிலா நீந்தப் பழகியிருந்தாள். சுழியோடிகளின் முகக்கண்ணாடியை மாட்டி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். குழாயைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துத் தூக்கினேன். தலையை நீட்டிக்கொண்டு அது அப்படியே இருந்தது.

"என்னகா பாக்கிறாய்? இறால் இல்ல, போ!" என்று மாமி அதை ஏசினார்.

மறுபடி இறக்கினேன். மறுபடி தூக்கினேன். மறுபடி அதே தலை. வள்ளக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணன், இது உங்கட வீட்டில வாடகை இல்லாம இருந்து பழகிட்டு."

மூன்றாம் முறை அடிவரைக்கும் இறக்கி, கல்லோடு படுக்கவிட்டு, கயிற்றைத் தளர்த்தினேன். நிலா முகத்தைத் தூக்கினாள்.

"அப்பா, வெளிக்கிட்டுட்டு! கல்லுக்குள்ள போகுது! வால் மட்டும் தெரியுது... இல்ல, போயிட்டு!"

மாமி விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வடிவாப் பாரு புள்ள. தலை தெரியுதா?"

நிலா மறுபடி முகத்தை வைத்தாள்.

"ஓம் மாமி. பொந்துக்குள்ள இருந்து தலையை நீட்டிக்கொண்டு இருக்கு."

"வாய் திறந்து மூடுதா?"

"ஓம். மெதுவா."

"அப்ப உசிரோட இரிக்கு" என்றார் மாமி. பிறகு வள்ளக்காரரைப் பார்த்து, "எஞ்சினைப் போடு தம்பி, மெல்லமாப் போ" என்றார்.

கரை வந்து சேரும்வரை மாமி ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு, கடலை அளைந்துகொண்டே வந்தார்.